தள்ளும் அளவுக்கே எதிர்ப்பு

இரண்டு பரப்புகள் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்றின் மேல் மற்றொன்று வழுக்குவதைத் தடுக்கும் விசை உராய்வு. பாடநூலில் அது ஒரே வரியில் முடிந்துவிடும்: உராய்வுக் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் உராய்வு விசை. இயக்கவியல் கணக்குகளில் மாணவர்கள் அதிகம் சறுக்கி விழுவதும் இந்த வரியில்தான்.

சமதளத் தரையில் 10 கிலோ மரப்பெட்டி ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். அதன் எடை 98 நியூட்டன். தரை அதைத் தாங்கும் செங்குத்து விசையும் அதே 98 நியூட்டன். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5 எனில், பெருக்குத் தொகை 49 நியூட்டன். யாரும் தொடாத பெட்டியின் மீதும் இந்த 49 நியூட்டன் செயல்படுமா? செயல்பட்டால் பெட்டி தானாகவே நகரத் தொடங்கியிருக்கும். தள்ளப்படாத பெட்டியில் உராய்வு பூஜ்யம். கிடைமட்டமாக 20 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வும் 20 நியூட்டன், 35 நியூட்டன் என்றால் அதுவும் 35. தள்ளும் அளவுக்குத்தான் எதிர்ப்பு. சூத்திரம் தரும் 49 அந்த எதிர்ப்பின் உச்சவரம்பு மட்டுமே. ஓய்வில் இருக்கும் பொருளுக்கு அங்கே சமக்குறியைப் போடுவது தவறு. 'அதற்கு மிகாமல்' என்பதே சரி.

வரம்பைத் தாண்டியதும் பெட்டி வழுக்கத் தொடங்கும். அதன்பின் இருப்பது இயக்க உராய்வு. பெரும்பாலும் அது சற்றுக் குறைவு. குணகம் 0.4 எனில் 39.2 நியூட்டன். 50 நியூட்டன் விசையால் தொடர்ந்து தள்ளினால் மிச்சம் 10.8 நியூட்டன், அதனால் பெட்டியின் வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் விநாடிக்கு 1.08 மீட்டர் வீதம் கூடும். பீரோவைக் கிளப்புவதுதான் பாடு, கிளம்பிவிட்டால் நகர்த்திவிடலாம் என்பதன் காரணம் இதுவே.

திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. உராய்வு இயக்கத்துக்கு எதிரானது என்பது பாதி உண்மை. அது எதிர்ப்பது பரப்புகள் ஒன்றையொன்று சார்ந்து வழுக்குவதை. நடப்பவரின் கால் தரையைப் பின்னோக்கி உந்துகிறது. உராய்வு இல்லையேல் பாதம் பின்னால் வழுக்கும். அதைத் தடுக்கும் உராய்வு முன்னோக்கியே செயல்படுகிறது. நடப்பவரை முன்னால் தள்ளுவது அதுதான். லாரி வேகமெடுக்கும்போது அதிலுள்ள மூட்டையும் சேர்ந்து வேகமெடுப்பது அடித்தட்டின் உராய்வால். சங்கிலியால் உருளும் சைக்கிளின் பின்சக்கரத்தில் சாலையின் உராய்வு முன்னோக்கியும், இழுபட்டு உருளும் முன்சக்கரத்தில் பின்னோக்கியும் இருக்கும். ஒரே வண்டி, ஒரே சாலை, இரண்டு திசைகள்.

உராய்வு பாரத்தைப் பொறுத்தது, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததல்ல என்பதை முதலில் கண்டவர் லியோனார்டோ டாவின்சி. அது அவருடைய குறிப்பேடுகளிலேயே தங்கிவிட்டது. 1699-இல் கிய்யோம் அமொந்தோன் பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் அதே முடிவை முன்வைத்தார். பாரத்தைப் பற்றிய விதியில் யாருக்கும் சிக்கலில்லை. பரப்பைப் பற்றியதுதான் நம்பமுடியாததாக இருந்தது. பின்னர் ராணுவப் பொறியாளரான கூலும் விரிவான சோதனைகள் செய்து, இயக்க உராய்வு வேகத்தையும் பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை என்ற விதியைச் சேர்த்தார். அந்த ஆய்வுக்கு 1781-இல் அகாதெமியின் பரிசு கிடைத்தது. மின்னூட்டங்களுக்கிடையிலான விசை விதிக்குப் பெயர் தந்த கூலும் இவரேதான்.

ஒரு செங்கல்லைப் படுக்கையாக வைத்து இழுத்தாலும் குறுகிய பக்கத்தில் நிறுத்தி இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே விசை போதும் என்பது எப்படி? பரப்புகளின் மேடு பள்ளங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்வதே உராய்வு என்பது கூலும் காலத்து விளக்கம். அதில் ஒரு ஓட்டை உண்டு. மேட்டில் ஏறச் செலவிட்ட ஆற்றல் பள்ளத்தில் இறங்கும்போது திரும்பிவிட வேண்டுமே. உராய்வில் இழக்கும் ஆற்றலுக்கு அது கணக்குச் சொல்லவில்லை.

திருப்தியான விடை இருபதாம் நூற்றாண்டில், கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் இருவரின் ஆய்வுகளில் வந்தது. எவ்வளவு மெருகேற்றிய பரப்பும் நுண்ணோக்கியில் கரடுமுரடுதான். இரண்டு பரப்புகள் தொடுவது சில முகடுகளின் நுனியில் மட்டுமே. பாரம் முழுவதையும் அந்த நுனிகள் தாங்க வேண்டியிருப்பதால் அவை நசுங்குகின்றன. பாரத்தைத் தாங்கப் போதுமான அளவுக்குத் தொடுபரப்பு விரிந்ததும் நசுங்கல் நிற்கிறது. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் கொண்ட சதுர அடிப்பரப்புள்ள 10 கிலோ எஃகுக் கட்டியை எஃகுத் தளத்தில் வைத்தால், கண்ணுக்குத் தெரியும் தொடுபரப்பு 10,000 சதுர மில்லிமீட்டர். எஃகின் கடினத்தன்மையை வைத்துக் கணக்கிட்டால் உண்மையில் தொடுவது சுமார் 0.1 சதுர மில்லிமீட்டர், லட்சத்தில் ஒரு பங்கு. கட்டியைப் புரட்டி வேறு பக்கத்தில் வைத்தாலும் பாரம் மாறுவதில்லை, ஆகவே இந்த 0.1-உம் மாறுவதில்லை. பாரம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். நசுங்கிய நுனிகளில் உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுகளை அறுக்கத் தேவைப்படும் விசையே உராய்வின் பெரும்பகுதி. அமொந்தோனின் இரண்டு விதிகளும் ஒரே காரணத்தில் அடங்கிவிடுகின்றன. இயற்பியலில் இத்தனை சுத்தமான விளக்கம் கிடைப்பது அபூர்வம்.

உராய்வு பாரத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் பிரேக் கணக்கில் நிறை காணாமல் போகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் சக்கரங்கள் இறுகிப் பூட்டிக்கொண்டால், உலர்ந்த சாலையில் குணகம் 0.7 எனக் கொண்டு, அது சுமார் 20 மீட்டர் வழுக்கி நிற்கும். ஈரச் சாலையில் குணகம் 0.4 ஆகக் குறைந்தால் 35 மீட்டர். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. வண்டியின் நிறை இதில் எங்கும் வருவதில்லை. கனரக வண்டிகள் நிற்க உண்மையில் அதிக தூரம் எடுப்பது டயர், பிரேக் சூடு போன்ற வேறு காரணங்களால். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் உருண்டுகொண்டே வேகம் குறைந்தால் கூடுதலான ஓய்வுநிலை உராய்வு துணைக்கு வரும், ஏ.பி.எஸ். பிரேக் செய்வது இதைத்தான். வண்டியைத் திருப்பவும் முடிகிறது என்பது அதைவிடப் பெரிய லாபம்.

கோயில் தேரை நிறுத்தும் முட்டுக்கட்டையும் இதே கணக்கில் இயங்குகிறது. ஆப்பு வடிவக் கட்டையின் மீது சக்கரம் ஏறும்போது தேரின் பாரமே கட்டையைத் தரையோடு அழுத்துகிறது. தேர் எவ்வளவு கனமோ அவ்வளவு பலமாகக் கட்டையும் தரையைப் பற்றும்.

இந்த விதிகள் எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துவதில்லை. ரப்பர் மென்மையானது, நெகிழ்ந்து மீளக்கூடியது; அதன் உராய்வு பாரத்துக்குச் சரியான விகிதத்தில் கூடுவதில்லை. ஒட்டும் நாடாவை அழுத்தாமலே இருந்தாலும் அதை நகர்த்த விசை வேண்டும். சூத்திரப்படி அங்கே உராய்வு பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும்.

உருளும் சக்கரம் சந்திக்கும் தடை இவற்றிலிருந்து வேறானது, மிகச் சிறியது. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்துக்கு அது எடையில் 0.002 பங்கு அளவே. இன்ஜினும் சேர்த்து 1,000 டன் ரயிலைச் சமதளத்தில் மெதுவாக இழுத்துச் செல்ல ஏறத்தாழ 20,000 நியூட்டன் போதும். ஆனால் 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் இன்னும் 98,000 நியூட்டன் சேர்ந்துவிடும். அந்த விசை முழுவதும் இன்ஜின் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான ஓய்வுநிலை உராய்விலிருந்தே வரவேண்டும். மழையோ எண்ணெய்ப் பிசுக்கோ சேர்ந்து குணகம் 0.1 ஆகிவிட்டால், 120 டன் இன்ஜினுக்குக் கிடைக்கும் உச்சவரம்பு சுமார் 1,18,000 நியூட்டன். தேவையும் வரம்பும் சமமாகிவிட்டதால் வேகமெடுக்க மிச்சமில்லை. மோட்டார் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அப்போது பயன்படுவதற்காகவே ரயில் இன்ஜின்களில் மணல் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு குழாய் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின் மீது மணலைத் தூவுகிறது.