கணக்கைத் திறந்தால் போதுமா? மூடவும் வழி வேண்டும்!



கொல்லிமலை குண்டூர் நாட்டில் மிளகு அறுப்புக்கு முன்பே விவசாயிகளுக்கு முன்பணமும் காலிச் சாக்கும் கொடுத்து வைப்பது எங்கள் வழக்கம். மிளகு காய்ந்து வந்ததும் எடை போட்டு, ஈரமும் லிட்டர் எடையும் பார்த்து விலை பேசி, முன்பணத்தைக் கழித்து, சாக்கை எண்ணி வாங்கிக் கணக்கை நேர் செய்வோம். கணக்குத் தீர்ந்ததும் பேரேட்டில் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவேன். அந்தக் கோட்டின் அருமை கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் நம்மில் பலர் கிளவுட் கணக்குக்கு மாறினோம். கணக்கு நம் கடையில் இராது, எங்கோ உள்ள பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும், போனிலேயே பார்க்கலாம். ஆனால், ஆயத்தமாக வரும் சாஃப்ட்வேருக்குச் சரக்கு, வாடிக்கையாளர், பில் இவைதான் தெரியும். மிளகு முன்பணமும் சாக்கும் அதற்குத் தெரியாது. அவற்றை நாம்தான் புதிதாக வகுத்துச் சேர்க்க வேண்டும். அதற்கு வசதியும் உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் ‘ஜோஹோ புக்ஸ்’ போன்றவற்றில் நமக்கு வேண்டிய கட்டங்களையும், தனிப் பகுதிகளையும், அழுத்தினால் வேலை செய்யும் பட்டன்களையும் நாமே அமைத்துக்கொள்ளலாம். குறித்த நாளில் தானாகச் செய்தி அனுப்பவும் சொல்லலாம்.

நானும் வேறொரு சாஃப்ட்வேரில் அப்படி ‘முன்பணம்’ என்று ஒரு கணக்கைச் சேர்த்தேன். தவணை தாண்டினால் விவசாயிக்குத் தானாகச் செய்தி போகும். ஆனால், தீர்ந்த கணக்கை முடித்துவைக்க ஒரு பட்டன் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிழை என்னுடையதுதான்.

10,000 ரூபாய் வாங்கியிருந்த ஒருவர் மிளகு போட்டு, 6 சாக்கையும் கொடுத்துக் கணக்கை முடித்துப் போனார். அடுத்த மாதம் நேரே கடைக்கு வந்தார். “என்னங்க, கணக்குத் தீர்ந்துபோச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னும் பாக்கின்னு போன்ல வருதுங்களே! வீட்ல எல்லாரும் கேக்கறாங்க” என்றார். மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அடுத்த பருவம் அவர் மிளகு வேறு மண்டிக்குப் போயிற்று. இருபது வருஷப் பழக்கம் ஒரு செய்தியில் முறிந்தது.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதல்ல. பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர் கூடங்களை நடத்தும் வி.எம்.வேர் சாஃப்ட்வேரில் புதிதாக ஒரு பொருளை வகுத்தால், ‘உண்டாக்கு’ என்பதோடு ‘அழி’ என்பதற்கும் வழி சொல்லியே ஆகவேண்டும். அமேசானின் கிளவுட்ஃபார்மேஷனில் உண்டாக்கு, திருத்து, நீக்கு என மூன்று கட்டளைகள். ஒவ்வொன்றுக்கும் ‘முடிந்தது’ என்று பதில் வரவேண்டும். வராவிட்டால், வழக்கமான அமைப்பில், ஒரு மணி நேரம் காத்திருந்து வேலை தோற்றதாகக் கொள்ளும். பிறப்பைச் சொல்லும்போதே முடிவையும் சொல் என்பதே இவற்றின் விதி.

நம் கடைக்கு நான் கற்ற பாடங்கள் இவை:

1. புதுக் கணக்கு வகுக்கும் அன்றே அது எப்படித் தொடங்கும், எப்படி மாறும், எப்படி முடியும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

2. பாக்கி இருக்கும்வரை ‘முடி’ பட்டன் வேலை செய்யக்கூடாது. முடித்தபின் ‘நினைவூட்டு’ வேலை செய்யக்கூடாது.

3. யார் எதை அழுத்தலாம் என்று வரையறுங்கள். முன்பணம் பதிவதைக் கணக்குப்பிள்ளை செய்யட்டும். தள்ளுபடியை முதலாளி மட்டுமே செய்யட்டும்.

4. சிக்னல் போய் இரண்டு தடவை அழுத்தினாலும் ஒரே வரவுதான் ஏறவேண்டும். இதைச் சோதித்துப் பாருங்கள்.

5. முடிந்த கணக்கை அழிக்காதீர்கள், மூடி வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காப்பாற்ற வேண்டும்.

6. முதலில் உங்கள் பெயரிலேயே ஒரு கணக்கைத் திறந்து, முடித்துப் பாருங்கள். பாக்கிச் செய்தி உங்கள் போனுக்கே வரட்டும்.

இப்போது என் கணக்கில் ‘தீர்ந்தது’ பட்டன் இருக்கிறது. அதை அழுத்தியதும் “தங்கள் கணக்கு நேராகிவிட்டது, நன்றி” என்று விவசாயிக்குச் செய்தி போகிறது. பேரேட்டில் நான் இழுத்த கோடு இப்போது அவர் போனிலும் விழுகிறது. பாக்கியைக் கேட்பதில் காட்டும் சுறுசுறுப்பைத் தீர்ந்ததைச் சொல்வதிலும் காட்டுவோம். நாணயம் என்பது அதுதானே!