மேளத்துக்குப் பின்னால் ஒரு கிராமம்

செண்டையின் முழக்கம் கேரளம் முழுவதும் கேட்கிறது. அதற்குத் தோல் கட்டும் பெருவெம்பின் கைவினைஞர்களை அறிந்தவர்கள் சிலரே.

சித்திரை மாதம், திருச்சூர் பூரம். வடக்குநாதன் கோயில் வளாகத்தில் இலஞ்சித்தறை மேளம் சூடு பிடிக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாசிக்க, கூட்டம் கைகளை உயர்த்தி ஆர்ப்பரிக்கிறது. மேளத்தை நடத்தும் பிரமாணியின் பெயர் எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. செண்டைக்குத் தோல் கட்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

அந்தக் கைகள் பெரும்பாலும் பாலக்காடு, திருச்சூர் மாவட்டங்களைச் சேர்ந்தவை. பெருவெம்பு, நெம்மாறை, லக்கிடி வட்டாரங்களில் பெருங்கொல்லர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் இது. செண்டை மட்டுமல்ல, மத்தளமும் மிருதங்கமும்கூட பெருவெம்பில் உருவாகின்றன. பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

செண்டையின் உடல் பலாமரம். சுமார் இரண்டடி உயரம், ஓரடி விட்டம். அதைக் குடைந்து எடுப்பதைவிட நுட்பமான வேலை தோலில்தான் இருக்கிறது. செருப்புக்கும் பைக்கும் பயன்படும் பதனிட்ட தோல் இதற்கு உதவாது. அது மெத்தென்று இருக்கும், நாதம் எழாது. வேண்டியது பதனிடாத மாட்டுத்தோல். முடியும் கொழுப்பும் நீக்கி நிழலில் காயவைக்கிறார்கள். கடும் வெயில் பட்டால் தோல் முறுக்கிக்கொண்டு வெடித்துவிடும்.

தோலை ஏற்றும் வட்டத்துக்கு மூங்கில் அல்லது ஈரம்பனை எனப்படும் ஒருவகைப் பனை. ஒரு நாள் முழுக்க வேகவைத்து, வளைத்து, காயவிடுகிறார்கள். தோலை வட்டத்தோடு பிணைக்கும் பசை பனிச்சங்காயிலிருந்து கிடைக்கிறது. குச்சிகள் அதிரவைக்கும் இடந்தலைக்குத் தோல் ஒன்றோ இரண்டோ அடுக்குதான். வலந்தலையிலோ ஐந்து அல்லது ஏழு அடுக்குகள். அதன் ஆழ்ந்த ஒலிக்கு அதுவே காரணம்.

இத்தனை பாடுபட்டுச் செய்த தோலுக்கு ஆயுள் குறைவு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் தொய்ந்து சுருதி இறங்கும். வறண்ட காற்றில் இறுகி ஏறும். அதனால்தான் வாசிப்பதற்கு முன் கயிற்றை முறுக்கி இறுக்குவதும், முடிந்தபின் தளர்த்துவதும். நனைந்துவிட்டால் நெருப்பருகே காட்டாமல் காற்றோட்டத்தில் மெதுவாக உலர்த்த வேண்டும். ஈரமான மூலையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூட்டிய காரில் வெயிலில் விட்டால் கிழியும். எண்ணெய் பூசிப் 'பாதுகாப்பது' தோலை மென்மையாக்கி நாதத்தைக் கொன்றுவிடும்.

எவ்வளவு பேணினாலும் அடி வாங்கிய வட்டத்தை மாற்றியே தீர வேண்டும். மேளக்காரர் மறுபடியும் தோல் கட்டுபவரிடம்தான் வந்தாக வேண்டும்.

அவருக்குத் தோல் எங்கிருந்து வருகிறது என்பது சங்கடமான கேள்வி. 2017 மே மாதம், கால்நடைச் சந்தைகளில் மாடுகளை இறைச்சிக்காக விற்பதைத் தடுக்கும் விதிகளை மத்திய அரசு அறிவித்தது. எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்தது கேரளத்தில். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை நிறுத்திவைத்தது. விவாதம் முழுவதும் இறைச்சியைச் சுற்றியே நடந்தது. சந்தை முடங்கினால் தோலும் வராது, தோல் வராவிட்டால் கோயில் மேளமும் இல்லை என்பதைப் பேசியவர்கள் குறைவு.

இந்த மௌனம் கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வெளிவந்தது. பசுத்தோலையும் சாதியையும் அது வெளிப்படையாகப் பேசியது. வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர இசைந்திருந்த கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. மேடையில் ஒலிக்கும் தோலை ரசிக்கலாம், அது வந்த வழியைப் பேசக்கூடாது!

மாற்று இல்லாமல் இல்லை. பெங்களூர்ப் பொறியாளர் கே. வரதரங்கன் செயற்கைத் தலைகள் கொண்ட மிருதங்கத்தை உருவாக்கியிருக்கிறார். மழைக்கும் வெயிலுக்கும் அது அசைந்து கொடுப்பதில்லை. ஆனால் தோலின் நாதத்துக்குப் பழகிய காதுகள் எளிதில் சமாதானம் அடைவதில்லை.

பதினெட்டு வாத்தியங்களும் செண்டைக்குக் கீழேதான் என்பது மலையாளத்துப் பழமொழி. பலா மரத்து உடல் பல ஆண்டுகள் நிலைக்கும். தோலைத் தடவிப் பார்த்தே அது எந்தத் தலைக்கு ஆகும் என்று சொல்லிவிடும் விரல்கள் அப்படியல்ல. தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகாவிட்டால், புவிசார் குறியீடு காகிதத்தில் இருக்கும், மேளம் இருக்காது.