பொது நிரலும் விற்பனையாளர் கடமையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பேட்டையிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் உள்ள ஆலைகளில் சரக்கின் இருப்பும் கூலியின் கணக்கும் இன்று கணினியாலேயே நடைபெறுகின்றன. இதற்கென விற்கப்படும் மென்பொருள்களுள் திறந்த மூல மென்பொருள்களும் உள. உலகுக்குப் பொதுவாக அளிக்கப்பட்டதொன்றை ஒருவர் விலைக்கு விற்றல் முறையோ என மாணவர் சிலர் வினவக்கூடும். இதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

விற்பது குற்றமன்று. 1989ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட ஜி.பி.எல். என்னும் பொது உரிமம், எவரும் நிரலைப் படியெடுக்கவும், திருத்தவும், விற்கவும் இசைவளிக்கின்றது. ஆயின், பெறுவோர்க்கு நிரலின் மூல வரிகளும், உரிமத்தின் வாசகமும், அதே உரிமைகளும் கிட்டச் செய்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஊருணி நீரை மொண்டு இல்லந்தோறும் கொணர்வோன் கூலி பெறலாம். ஊருணிக்குச் செல்லும் வழியை மறைத்து, அந்நீர் தன் கிணற்றினது என்றல் தகாது.

நிபந்தனையை மீறினால் யாது நேரும்? பொதுவில் வழங்கியதனால் ஆக்கியோனது பதிப்புரிமை ஒழிவதில்லை. 1991ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பின்படி, நிபந்தனை வழுவியவர்க்கு இசைவு தானே நீங்கும். அதன்பின் அவர் விற்பன யாவும் உரிமையற்ற படிகளேயாம். 2007ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்போ, முதன்முறை தவறியவர் அறிவிப்புப் பெற்ற 30 நாட்களுள் குறையைக் களைவாராயின் உரிமையை மீள அளிக்கின்றது.

இவை ஏட்டளவில் நின்றன அல்ல. 2004ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றம், நிரலாசிரியர் ஹரால்டு வெல்டே தொடுத்த வழக்கில், உரிமத்தையும் மூல வரிகளையும் அளியாது வலையமைப்புக் கருவி விற்ற சைட்காம் நிறுவனத்திற்குத் தடை விதித்தது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று, விளையாட்டு ரயில்களை இயக்கும் நிரல் பற்றிய வழக்கில், விலையின்றி அளித்த உரிமத்தின் நிபந்தனைகளும் பதிப்புரிமைச் சட்டத்தாற் காக்கத் தக்கன என்று கூறிற்று.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்புள் அடக்கி, 55ஆம் பிரிவால் தடையாணையும் நஷ்டஈடும் பெற வழிவகுத்துள்ளது. அவ்வழக்கைத் தொடுத்தற்குரியவர் பதிப்புரிமையாளரே. எனினும் இழப்பு அவரோடு முடிவதில்லை. மூல வரிகளைப் பெறாத ஆலை, விற்றவர் கடையடைத்த நாளில் தன் கணக்கு நிரலைத் திருத்த வகையற்று நிற்கும்.

ஆதலின், நாளை அப்பேட்டைகளிற் பணிபுரியச் செல்லும் நம் மாணவர், பணம் கொடுக்குமுன் "இதன் உரிமம் யாது? மூல வரிகள் எங்கே?" என்னும் இரு வினாக்களைக் கேட்பாராக. விடை கிடையாதெனின், நிரலை ஆக்கியோர்க்கு அறிவித்தல் நலம்.