கல்பூதமும் குள்ளனும் ரோந்து போன கதை

பதினேழு வயதில் பத்திரிகை நிருபரானவர் இங்கிலாந்தின் டெர்ரி பிராட்செட் (1948–2015). 1993ல் அவர் எழுதிய ‘மென் அட் ஆர்ம்ஸ்’ சிரிக்க வைக்கும் போலீஸ் நாவல்.

ஆங்க்-மார்ப்பார்க் என்ற கற்பனை நகரம். அங்கே பிழைக்க வந்த குள்ளர்களுக்கும் கல்பூதங்களுக்கும் பரம்பரைப் பகை. காவல் படையில் இரு சாராரையும் சேர்க்கும்படி மேலிடத்து உத்தரவு! கடி என்ற குள்ளனும் டெட்ரிட்டஸ் என்ற பூதமும் ஒரே ரோந்தில். முதலில் முறைப்புதான்.

பூதத்தின் மூளை குளிரில்தான் வேலை செய்யும். (மே மாதத்து ஆபீஸ்களிலும் அப்படித்தானே!) அதைக் கண்டுகொண்ட குள்ளன், விசிறி வைத்த தலைக்கவசம் ஒன்றைத் தன் கையாலேயே செய்து தருகிறான். பிறகு பணியிலேயே குள்ளன் கொல்லப்படுகிறான். துடித்துப்போவது பூதம்.

பின்னால் வந்த நாவல்களில் அதே டெட்ரிட்டஸ் சார்ஜெண்ட். புது ஆட்களுக்குப் பயிற்சி அதன் பொறுப்பு.