கட்டுமான யந்திரங்கள் – 9: சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே

இங்கிலாந்தில் வீடு கட்டும் இடங்களில் செங்கல் தலைச்சுமையாக ஏறுவதில்லை. சூளையிலேயே பட்டை போட்டு இறுக்கிய கட்டுகளாக லாரியில் வந்து இறங்கும். ஒரு கட்டில் 400, 500 கல். எடை 1 டன்னுக்கு முன்பின். அந்தக் கட்டை அப்படியே தூக்கி இரண்டாம் தளச் சாரத்தின் மேல் வைத்துவிட்டால் கொத்தனார் வேலையைத் தொடங்கலாம். எதை வைத்துத் தூக்குவது என்பதில்தான் தகராறு.

மூத்தது கரடுமுரடு தரைக்கான ஃபோர்க்லிஃப்ட். 1958-ல் பிரான்சின் ஆன்செனி என்ற சிற்றூரில் மார்செல் ப்ரோ ஒரு டிராக்டரின் ஓட்டும் திசையைத் தலைகீழாக்கி, பெரிய சக்கரங்கள் இருந்த பக்கத்தில் தூக்கு மாஸ்ட்டைப் பொருத்தினார். மேனிட்டூ நிறுவனத்தின் பெயர் பரவியது அந்த வண்டியால்தான். இன்றும் அடிப்படை அதுவே. சுமை நேர்மேலே ஏறும். எவ்வளவு உயர்ந்தாலும் முன்சக்கரத்திலிருந்து அதன் தூரம் அதிகம் மாறாது. அதனால் கீழே தூக்கியதைப் பெரும்பாலும் மேலேயும் தூக்கும். ஆனால் சக்கரம் போகும் இடத்துக்குத்தான் சுமையும் போகும். பாதி கட்டிய வீட்டைச் சுற்றிக் குழாய் பதிக்கும் பள்ளம், இறுகாத மண், சாரக்கால்கள். வண்டி 3 மீட்டர் தள்ளி நின்றுவிட்டால் செங்கல் அந்தரத்தில்தான் நிற்கும்.

அந்த 3 மீட்டரைத் தாண்டத்தான் டெலிஹேண்ட்லர். நம் ஊரில் பள்ளம் தோண்டும் வண்டிக்கே பெயராகிவிட்ட ஜேசிபி, 1977-ல் ‘லோடால்’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் பூம், பள்ளத்துக்கு மேலே கை நீட்டிச் சுமையை வைக்கும்.

ஏமாறுவதும் இங்கேதான். ‘540-170’ என்று ஒரு மாடல். 4 டன் தூக்கும், ஏறக்குறைய 17 மீட்டர் உயரம் எட்டும். 4 டன்னை 17 மீட்டருக்குத் தூக்கும் என்று படித்தால் போச்சு. பூமை முன்பக்கம் முழுக்க நீட்டினால் அது 1 டன்னைக்கூடத் தாங்காது. நம் செங்கல் கட்டு ஒன்றே அதிகம். முன்சக்கர அச்சுதான் தாங்குபுள்ளி. சுமை அதிலிருந்து விலக விலக, பின்னால் இருக்கும் வண்டியின் எடை தோற்கத் தொடங்கும். எந்தத் தூரத்தில் எவ்வளவு, ஊன்றுகால் இறக்கினால் எவ்வளவு, இறக்காவிட்டால் எவ்வளவு என்ற அட்டவணை கேபினுக்குள்ளேயே இருக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் விலைப்பட்டியலைப் பார்க்கும் அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

எச்சரிக்கைக் கருவி இருக்கிறதே என்பார்கள். ஐரோப்பாவில் இ.என். 15000 தரவிதி அதைக் கோருகிறது. ஆனால் அது பார்ப்பது முன்பக்கம் கவிழ்வதை மட்டும். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து நிற்க, பூம் உயர்ந்தால் கருவி வாய் திறக்காது. முதலில் வண்டியைச் சமமாக நிறுத்த வேண்டும்.

ஓட்டுவதிலும் நெளிவுசுளிவு உண்டு. மாஸ்ட் வண்டியில் சுமையை வைத்துவிட்டுப் பின்னால் வந்தால் ஃபோர்க் நேராக உருவிக்கொள்ளும். இதிலோ, உயர்ந்து நிற்கும் பூமை உள்ளே இழுத்தால் ஃபோர்க் சாய்வாகக் கீழிறங்கிச் சாரப் பலகையை அழுத்தும். இழுக்கும்போதே சற்று உயர்த்தவும் வேண்டும். புது ஆபரேட்டர்கள் தடுமாறுவது இங்கே. பல மாடல்களில் பூம் வலப்பக்கத்தை மறைக்கும் என்பதால் கைகாட்ட ஓர் ஆளும் தேவை.

லாரியிலிருந்து இறக்கி, இறுகிய தரையில் அடுக்குவது மட்டுமே வேலை என்றால் மாஸ்ட் வண்டியே போதும் என்பேன். பிரிட்டனில் பல தளங்களில் அதற்கும் டெலிஹேண்ட்லரையே நிறுத்துகிறார்கள். பக்கெட் மாட்டினால் மண் அள்ளும், கொக்கி மாட்டினால் தொங்கவிட்டுத் தூக்கும் என்பது காரணம். நியாயம்தான். ஆனால் மாட்டும் ஒவ்வொன்றுக்கும் எடை அட்டவணை வேறு.

மேல்பாகமே 360 பாகை சுழலும் வகையும் உண்டு. அதைத் தொட்டால் கிரேன் விதிகளுக்குள் போக வேண்டும். அது அடுத்த வாரம்.