காஜாங் கடைவீட்டு மாடியில் இரட்டை வூடூ

வாங்க வாங்க, தலையைக் குனிந்து ஏறுங்கள்! வாடிக்கையாளர்களுக்குக் கீழ்க்கடையோடு சரி, இந்த மாடிக்கு யாரையும் விடுவதில்லை. இன்று நம்மை விட்டுவிட்டார்கள்!

மின்விசிறி சுற்றியும் புழுக்கம். மேசை நிறையக் கழற்றிப்போட்ட கிராபிக்ஸ் கார்டுகள், பழைய பல்துலக்கும் பிரஷ், ஆறிப்போன தே தாரிக். சால்டரிங் புகை மூக்கைத் துளைக்கிறது. சூடான காற்றை ஒரு சிப்பின் மேல் பிடித்திருக்கும் அண்ணனின் கழுத்தில் வியர்வை வழிகிறது. "பசியாறியாச்சா?" என்று கேட்கிறார், பார்வை மட்டும் சிப்பை விட்டு நகரவில்லை. பக்கத்தில் தூசி ஊதும் தம்பி, "உள்ளே கரப்பான் குடும்பமே குடியிருந்திருக்கு அண்ணே, வாடகை கேளுங்க!" என்கிறான். மாடியே சிரிக்கிறது.

உங்களை இழுத்து வந்தது அந்தப் பின்சுவர் அலமாரிக்காக. அதிலிருப்பது எதுவும் விற்பனைக்கில்லை.

அதோ, 1998இல் வந்த வூடூ 2 கிராபிக்ஸ் கார்டு! ஒன்றல்ல, இரண்டு. நடுவே ஒரு நாடா வயர். திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டு வரைய, இரட்டைப்படை வரிகளை மற்றது வரையும். இவற்றின் சிப்பைத் தந்த த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம்தான் அன்றைய ராஜா.

"பிறகு ஏன் விழுந்தான்?" என்கிறான் தம்பி. அண்ணன் முதன்முறையாகக் கருவியைக் கீழே வைக்கிறார். "சிப்பு வித்துக்கிட்டிருந்தவன், கார்டு செய்யற எஸ்டிபியை வாங்கிட்டான். அவன்கிட்ட சிப்பு வாங்கினவங்களுக்கு அவனே போட்டி! நிறையப் பேர் என்விடியா பக்கம் போயிட்டாங்க."

2000 டிசம்பரில் அதே என்விடியா, த்ரீடிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்க ஒப்பந்தம் போட்டது. இரண்டு கார்டை இணைக்கும் அந்த வித்தை, 2004இல் என்விடியா கார்டுகளில் திரும்பி வந்தது!

அடுத்த தட்டில் ஏடிஐ ரேடியான். ஏடிஐ கனடாக்காரர்களின் நிறுவனம்; அதை 2006இல் ஏஎம்டி சுமார் 540 கோடி டாலருக்கு வாங்கியது. ஏஎம்டி 1972லேயே நம் பினாங்கில் கால்வைத்த நிறுவனமாயிற்றே! "ஏஎம்டி வாங்கின அன்னைக்கே ஏடிஐ நமக்குச் சம்பந்தி" என்கிறார் அண்ணன், கார்டைத் துடைத்தபடி.

எஸ்3, மேட்ராக்ஸ், த்ரீடிலேப்ஸ்... கேம் கார்டுச் சந்தையிலிருந்து மறைந்துபோன பெயர்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஆற்றாமை. இன்று கேம் கார்டு வாங்கப் போகும் பிள்ளைக்கு என்விடியா, ஏஎம்டி, புதிதாக இறங்கிய இன்டெல் தவிர வேறு வழி அதிகமில்லை. போட்டி குறைந்தால் சுமை அவன் பையில்தான். அதனால்தான் பழையதை உயிர்ப்பிக்கும் இந்த மேசை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது.

"அண்ணே, படம் வந்துருச்சு!" தம்பி கூவுகிறான். அண்ணன் அதற்குள் அடுத்த கார்டின் திருகைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.