புளியும் புலியும் ஒரு பலூன் விளையாட்டும்

ஒரு பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி, எதிரே கையில் போனோடு ஒரு தம்பி. போன கிழமை சுன்னாகத்துக் கடையொன்றில் இப்படித்தான் பேச்சுத் தொடங்கியது. எழுத்துள்ள பலூன்களைத் தட்டி உடைத்துச் சின்னப் பிள்ளைகள் தமிழ் எழுத்துப் பழகும் ஒன்லைன் கேம் ஒன்றை அவர் செய்துகொண்டிருக்கிறார்.

"வாழ்வகத்துப் பிள்ளையளும் இதை விளையாடலாமோ எண்டு ஒருத்தர் கேட்டவர் அண்ணை. அவையளுக்கு எண்டு வேற ஒரு கேம் செய்து குடுக்கிறது நல்லமெல்லோ?"

வாழ்வகம் சுன்னாகத்தில் விழிப்புலனற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லம். தம்பியின் கேள்வியில் அன்பு இருந்தது. ஆனால் 'வேற ஒரு கேம்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நேற்று எத்தனை புள்ளி எடுத்தோம் என்று வகுப்பே பேசிக்கொண்டிருக்கும்போது, வேறு கேம் விளையாடிய பிள்ளை அந்தப் பேச்சில் எப்படிக் கலக்கும்?

விழிப்புலனற்றோர் கிரிக்கெட்டைச் சொன்னேன். 1998இல் புதுடில்லியில் அதன் முதல் உலகக் கிண்ணம் நடந்தது, இலங்கையும் ஆடியது. பந்து கெட்டிப் பிளாஸ்டிக், உள்ளே உலோகக் குண்டுகள் கலகலக்கும். போடுகிறவர் 'பிளே' என்று குரல் கொடுத்துவிட்டுக் கையைத் தாழ்த்தி உருட்டிவிடுவார். ஆனாலும் அது கிரிக்கெட்தான். பந்து வரும் திசையைக் கண் சொன்ன இடத்தில் காது சொல்கிறது. நம்மூர்த் தாயமும் அப்படித்தான். உருட்டிய சோகியில் எத்தனை மல்லாந்தன என்று விரலால் தடவியே சொல்லிவிடலாம்.

"இப்ப உம்மட போனில கேமைத் திறந்து, டோக்பாக்கைப் போட்டிட்டுக் கண்ணை மூடும்" என்றேன்.

டோக்பாக் என்பது அன்ட்ரொய்ட் போனில் உள்ள திரைவாசிப்பான். விரல் படும் இடத்தில் இருப்பதை வாசித்துச் சொல்லும். ஐபோனில் அதே வேலையை வொய்ஸ்ஓவர் செய்கிறது. கணினிக்கு என்விடிஏ இருக்கிறது, அது இலவசம். 2006இல் அதை எழுதத் தொடங்கிய அவுஸ்திரேலியரான மைக்கல் கரன் தாமே பார்வையற்றவர்.

தம்பியின் விரல் திரையெங்கும் ஊர்ந்தது. போன் ஒரு சொல்லும் பேசவில்லை. கேமை இயக்கும் மென்பொருளான கேம் எஞ்சின் பலூனையும் எழுத்தையும் சேர்த்து ஒரே படமாகத் தீட்டிவிடுவதால், திரைவாசிப்பானுக்கு அங்கே இருப்பது ஒரு வெறும் தாள். இது பலூன், இதில் உள்ள எழுத்து இது என்று செய்கிறவர்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கான வசதிகளும் வரத் தொடங்கிவிட்டன. கோடோ என்ற இலவச கேம் எஞ்சின் 2025 செப்டெம்பரில் வந்த 4.5 பதிப்பில் திரைவாசிப்பானோடு பேசும் வசதியைப் பரீட்சார்த்தமாகச் சேர்த்திருக்கிறது.

பெயர் கொடுக்கும்போது நம்மவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் இன்னும் எத்தனையோ பேர் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறோம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் நம் கண்ணுக்கு அம்மாதான். கணினி சேமித்து வைப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளை. திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். அம்மா என்ற சொல்லைக் கேட்கவேண்டிய பிள்ளைக்குப் புரியாத சத்தமொன்று கேட்கும். யூனிகோட்டில் அடித்தால் இந்தத் துன்பம் இல்லை. எனக்கு இதில் மனம் பொறுப்பதில்லை, ஏனென்றால் ஒரு சதம் செலவில்லாமல் திருத்தக்கூடிய பிழை இது.

பிறகு கேமை விளையாடும் முறைக்கு வந்தோம். ஒரு குரல் 'ளி' என்று சொல்ல, பத்து வினாடிக்குள் அந்த எழுத்துள்ள பலூனைத் தட்டி உடைக்க வேண்டும். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு.

கைதடி நவீல்ட் பாடசாலையில் செவிப்புலனற்ற பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் குரல் இல்லை. 'பு' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு புளியம்பழத்தின் படம் வந்தால்? லியா ளியா என்று பிள்ளை கண்ணாலேயே தீர்மானிக்கும். அடுத்ததாகப் புலியின் படம் வரட்டும். காது கேட்கும் பிள்ளைக்கும் இதுதான் நல்ல பாடம். பேச்சில் லகர ளகரத்தைக் குழப்புகிறவர்கள் நம்மில் குறைவா?

பச்சை சிவப்பு பிரித்தறியாத பிள்ளைகளும், பெரும்பாலும் ஆண் பிள்ளைகள், எல்லா வகுப்பிலும் இருக்கக்கூடும். நிறத்தோடு ஒரு சரி அடையாளமும் ஒரு பிழை அடையாளமும் போட்டுவிட்டால் போதும்.

கை நடுங்கும் பிள்ளையால் மிதக்கும் பலூனைக் குறிவைக்க முடியாது. அவருக்குப் பலூன்கள் நிற்கட்டும். ஒரு வெளிச்சக் கட்டம் அவற்றின் மேல் ஒவ்வொன்றாக நகரட்டும். சரியான பலூனில் கட்டம் வரும்போது திரையில் எங்கே தொட்டாலும் சரி, முழங்கையால் தொட்டாலும் சரி, பலூன் உடைய வேண்டும். ஒரே பொத்தானால் விளையாடும் இந்த வழி பல காலமாகக் கையாளப்படுகிறது.

பத்து வினாடிக் கணக்கை நிறுத்திவைக்க ஒரு வழி இருக்கட்டும். யோசிக்க நேரம் வேண்டிய பிள்ளைக்கு விடை தெரியாது என்று பொருளில்லை.

பலூன் உடையும்போது திரை பளிச்சிடுவதைக் கட்டாயம் குறைக்கச் சொன்னேன். 1997 டிசெம்பரில் ஜப்பானில் போகிமொன் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தது. வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னக் கூடாது என்பது இணைய அணுகல் வழிகாட்டியில் உள்ள விதி.

"எல்லாம் சரி அண்ணை. எத்தினை பேர் இருப்பினம்?" என்று கேட்டார்.

2012 குடிசன மதிப்பீட்டில், இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது நூற்றுக்கு 8.7 பேர், ஏதோ ஒரு செயலில் இடர்ப்பாடு உள்ளவர்கள். போர் கடந்த வடக்கில் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. அதன் 30ஆவது உறுப்புரை, மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாடும் வாய்ப்பை இந்தப் பிள்ளைகளுக்கும் உறுதிசெய்யச் சொல்கிறது. சமவாயத்தில் விளையாட்டென்று எழுதியே இருக்கிறது, தம்பி.

அவருடைய கேம் பாதிதான் முடிந்திருக்கிறது, அது நல்லது. முடிந்த கேமைப் பிரித்துப் பெயர் கொடுப்பது, பூசி முடித்த சுவரை உடைத்து வயர் இழுப்பது மாதிரி. முதல் நாளே செய்தால் சின்ன வேலை.

யாழ் கீக் சலஞ்ச் போன்ற தொழில்நுட்பப் போட்டிகளுக்குக் கேமோடு தயாராகும் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். நடுவர்களிடம் காட்டுவதற்கு முன்னர் பாடசாலையில் அனுமதி கேட்டுக் கைதடிக்கு ஒருநாள் பஸ் ஏறுங்கள். சுன்னாகத்துக்கும் வாருங்கள். போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, எங்கே தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தைத் திருத்துங்கள்.